போக்கரில் டர்னில் (நான்காவது பொதுச்சீட்டில்) வரும் ரெய்ஸுக்குப் (பந்தய உயர்வுக்கு) பெரிய ஜோடியை விட்டுவிடலாமா?
காசினோவின் 1/2 நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத போக்கர் வகை) மேசையில் எட்டு மாதங்களாக ஆடிவரும் எனக்கு, ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் வரும்போதுதான் பெரும் இழப்பு நேர்கிறது. 5 பிளைண்ட் (பிளைண்ட் என்பது சீட்டுப் பார்க்குமுன் கட்டும் கட்டாயப் பந்தயம், இங்கே பெரியது 2) ரெய்ஸ் செய்தாலும் நான்கு பேர் கால் செய்கிறார்கள், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடர்கிறார்கள். ஒருவருக்கு எதிரே ஏறத்தாழ 85 விழுக்காடாக இருக்கும் ஏஸ் ஜோடியின் வெற்றி வாய்ப்பு, நால்வருக்கு எதிரே 56 ஆகச் சரிந்துவிடுகிறது. ரெய்ஸை 8 பிளைண்டாக்கினேன், லிம்ப் செய்த (ரெய்ஸ் இன்றி ஒரு பிளைண்ட் மட்டும் கட்டி நுழைந்த) ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட் கூட்டினேன், ஆடிய சுற்றுகளையெல்லாம் குறித்தும் வைத்தேன், பயனில்லை. நேற்று என்னிடம் கறுப்பு கிங் ஜோடி. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச்சீட்டுகளில்) ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 4 விழுந்தன. டர்னில் இஸ்பேட் 2 வந்து நான் பெட் கட்டியதும், அதுவரை அமைதியாகக் கால் செய்துகொண்டிருந்தவர் மும்மடங்காக ரெய்ஸ் செய்தார். 100 பிளைண்ட் கையிருப்பில், பலர் நுழைந்த இத்தகைய ஆட்டத்தில், அந்த ரெய்ஸுக்கு ஒற்றை ஜோடியை ஃபோல்டு செய்வதுதான் சரியா?