நாலு பேர் கையில் இருக்கும் நிரல்களை ஒரே திறமூல லைப்ரரியாக்க எங்கே தொடங்குவது?

ஹட்டன்_நிரலன்:
ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நாங்க நாலு பேர் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் சொஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுப்பது, பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடாக்குவது ரெண்டையும் ஆளாளுக்கு எழுதி வச்சிருக்கோம். ரெண்டு பேர் பிஎச்பி, ஒருத்தர் பைதன், நான் ஜாவாஸ்கிரிப்ட். பழைய ரெப்போவை (நிரல் சேமிப்பிடத்தை) அப்படியே பப்ளிக் ஆக்கலாமா? லைசென்ஸ் எது?

தேயிலைமேடு:
பழையதைத் திறக்கவே வேண்டாம் தம்பி. வாடிக்கையாளர் விவரம், பாஸ்வேர்ட் ஏதாவது ஒருகாலத்தில் உள்ளே போயிருந்தால், பிறகு அழித்தாலும், மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அப்படியே கிடக்கும். புது ரெப்போ திறந்து தேவையான ஃபங்ஷனை மட்டும் கொண்டுவாங்க. லைசென்ஸுக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி போதும். லைசென்ஸ் ஃபைலே இல்லாவிட்டால் ரெப்போ பப்ளிக்காக இருந்தாலும் மற்றவர்களுக்குப் பயன்படுத்த உரிமை கிடையாது. யாராவது சம்பளத்துக்கு எழுதின நிரலா? அப்படின்னா முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கணும்.

பதுளை_பைட்:
மொழிச் சண்டைக்கு முன்னால் எந்த மொழியும் படிக்கக்கூடிய ஒரு ஜேசன் தரவு ஃபைல் போடுங்க: உள்ளே போவது, வெளியே வரவேண்டியது, அவ்வளவுதான். மூணு மொழியும் அதே ஃபைலை வைத்துத்தான் டெஸ்ட் ஓடணும். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான லைப்ரரி.

அடையாள அட்டையில் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கு. பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதுதான் அந்த இலக்கத்தில் இருக்கும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டி. அதில் எல்லா வருடத்துக்கும் 366 நாள் கணக்கு. 1995 மார்ச் 1 அன்று பிறந்தவருக்கு 061, பெண்ணென்றால் 561. நிரல்மொழியோடு வரும் திகதி ஃபங்ஷனில் 1995க்கு 61ஐக் கொடுத்தால் மார்ச் 2 என்று வரும். பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 மூன்றையும் ஆண், பெண் இருவருக்கும், பழைய 9 இலக்கத்திலும் புதிய 12 இலக்கத்திலும் அந்த ஜேசன் ஃபைலில் போடுங்க. இலக்கங்கள் கற்பனையாகவே இருக்கட்டும்.

யூனிகோட்_அக்கா:
பாமினியில் நீளமான எழுத்துக்கோவையை முதலில் மாற்றணும். ‘கெ’யை முந்தி மாற்றினால் ‘கொ’ என்பது ஒற்றைக் கொம்பு, கால் என்று ரெண்டு குறியாகப் பிரிந்து நிற்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. கடைசியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்க்கும் யூனிகோட் முறை) ஓட்டினால் சேர்ந்துவிடும். ‘மௌனம்’ என்பது ‘ள’ எழுத்தோடு ‘மெளனம்’ ஆகிவிட்டால் என்எஃப்சியும் கைவிடும், அதுக்குச் சொற்பட்டியல்தான்.

ஹட்டன்_நிரலன்:
நன்றி அக்கா, அண்ணாமாருக்கும். வெர்ஷன் 1.0 என்றே போடலாமா?

தேயிலைமேடு:
வேண்டாம், 0.1.0 என்று போடுங்க. ஃபங்ஷன் பெயர்கள் இன்னும் மாறும். ரெப்போவின் மெயின் கிளையைப் பூட்டி, இன்னொருத்தர் பார்க்காமல் எதுவும் சேராதபடி வையுங்க.