செட்டிநாட்டில் தங்கவும் உண்ணவும் ஏற்ற இடங்கள்

கேள்வி:
வணக்கம். வயதான பெற்றோருடன் சென்னையிலிருந்து வருகிறோம். காரைக்குடியில் தங்குவது நல்லதா, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடொன்றில் தங்கலாமா? அம்மா சைவம், அப்பாவுக்குக் கோழி இல்லாமல் சாப்பாடு இறங்காது.

மறுமொழி 1:
வீடுகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் ஆகிய இரண்டும் விடுதிகளாக மாற்றப்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளே. வாடகை சற்றுக் கூடுதல்தான். முன்பதிவின்போதே தரைத்தள அறை வேண்டுமென்று சொல்லிவிடுங்கள்; உயரமான படிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் தரும், மெருகேறிய ஆத்தங்குடிக் கல் தரையோ ஈரக்காலுடன் நடந்தால் வழுக்கும்.

மறுமொழி 2:
உணவுக்குக் காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதியைச் சொல்வேன். வாழையிலையில் மதிய விருந்து பரிமாறுவார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அம்மாவுக்குப் பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றியெடுக்கும் வெள்ளைப் பணியாரமும், அரிசி களைந்த நீரில் புளி கரைத்து வைக்கும் மண்டியும், இனிப்புக்குக் கறுப்பரிசியில் செய்யும் கவுனியரிசியும் இருக்கின்றன. அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுச் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டும் கடைகள் இங்கேயும் உண்டு, நல்ல கோழிக் குழம்பில் மிளகும் சோம்பும் கல்பாசியும்தான் முதலில் மணக்கும்.

மறுமொழி 3:
பல்லவன் ரயிலில் வந்தால் காரைக்குடி சேர இரவாகிவிடும். ஆகையால் முதல் இரவை நகரிலேயே கழித்து, காலையில் பிள்ளையார்பட்டி தரிசனத்தை முடித்துக்கொண்டு கானாடுகாத்தானுக்குச் செல்லுங்கள். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.