தமிழ்க் கோப்புகளை மட்டும் சப்வெர்ஷன் பைனரி என்கிறது, ஏன்?

கோப்பாயான்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலு பேர், பனைத்தொழில் செய்த முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து தட்டெழுதி வருகிறோம். எல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் சப்வெர்ஷன் மென்பொருளில் வைத்திருக்கிறோம். டிஃப் (என்ன மாறியது என்ற ஒப்பீடு) கேட்டால் 'பைனரி வகை, காட்ட முடியாது' என்கிறது, அதாவது படம், ஒலி போல எழுத்தல்லாத கோப்பாக எடுத்துக்கொள்கிறது. நேற்று நானும் தங்கச்சியும் ஒரே கோப்பில் வேறு வேறு பந்திகளைத் திருத்தினோம். அவள் முதலில் கொமிட் செய்தாள் (தன் மாற்றத்தைப் பொதுச் சேமிப்பில் பதிந்தாள்). எனக்கு வந்தபோது இரண்டையும் இணைக்காமல், ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னது. என்னுடையதைத் தெரிவுசெய்து அனுப்பிவிட்டேன். அவளுடைய இரண்டு நாள் வேலை போய்விட்டது, சரியான கவலையாக இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த சொற்பட்டியல் கோப்பில் மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை.

சுன்னாகம்:
பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று சேமித்தீர்களா? அது யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கம். அதில் தமிழ் எழுத்துகளுக்குச் சுழியப் பைட் வராது, ஆனால் ஒவ்வொரு இடைவெளிக்கும் வரி முடிவுக்கும் வரும். சுழியத்தைக் கண்டால், சப்வெர்ஷன் போன்ற இன்னொரு மென்பொருளான 'கிட்' கூட பைனரி என்றுதான் சொல்லும்.

கோப்பாயான்:
இல்லை அண்ணை, இப்பதான் ஒருக்காப் பார்த்தேன். எல்லாம் யூடிஎஃப்-8.

பருத்தித்துறை:
தம்பி, முதலில் கவலையை விடுங்கள். தங்கச்சி கொமிட் செய்திருந்தால் அவளுடைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கிறது. பழைய பதிப்பெண்ணைக் கொடுத்து 'கேட்' கட்டளையால் வேறு பெயரில் எடுங்கள், பிறகு கையால் சேருங்கள்.

காரணம் தமிழ்தான். கோப்பைப் புதிதாகச் சேர்க்கும்போது சப்வெர்ஷன் அதன் தொடக்கப் பகுதியைப் பார்க்கிறது. சுழியம் இல்லாவிட்டாலும், பைட்டுகளில் மிகப் பெரும்பகுதி ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகளுக்கான குறியாக்கம்) வரம்புக்கு வெளியே இருந்தால் பைனரி என்று குறித்துவிடும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், புள்ளியும் உயிர்க்குறிகளும் தனிக் குறியீடுகள். 'பனங்கிழங்கு' என்ற சொல் 11 குறியீடு, 33 பைட். அதன் பின்னால் வரும் இடைவெளி 1 பைட். ஆங்கிலம் கலந்த உங்கள் பட்டியல் தப்பியது இதனால்தான். கிட் சுழியத்தை மட்டும் தேடுவதால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

அந்தக் குறி கோப்போடு ஒட்டிய ஒரு பண்பு, பெயர் 'மைம்-டைப்'. 'ப்ராப்டெல்' கட்டளையால் அதை நீக்கி கொமிட் செய்யுங்கள். கோப்பின் உள்ளடக்கம் மாறாது. இனிச் சேர்க்கும் கோப்புகளுக்கு, மேல் அடைவில் 'ஆட்டோ-ப்ராப்ஸ்' பண்பை வைத்து, டெக்ஸ்ட் கோப்புகளின் மைம்-டைப் 'டெக்ஸ்ட்/ப்ளெயின்' என்று எழுதிவிடுங்கள். நாலு பேரிடமும் 1.8 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்புகளை இது தொடாது, அவற்றில் நீக்கத்தான் வேண்டும்.

கோப்பாயான்:
சரி வந்துவிட்டது! தங்கச்சியின் பதிப்பும் கிடைத்தது. குறியை நீக்கிய பிறகு இருவரும் வேறு வேறு பந்தியைத் திருத்திப் பார்த்தோம், தானாகவே இணைந்தது. மிக்க நன்றி அண்ணை.