மதகைத் திறப்பதா, காத்திருப்பதா: செம்பரம்பாக்கம் எழுப்பும் அறக்கேள்வி

சைதைவாசி:

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் உள்ளவர்கள் காலை நாளிதழில் முதலில் தேடுவது சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத்தான். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட இரவை அடையாற்றங்கரையில் கழித்த எவரும் மறக்க மாட்டார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததையும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் பார்த்தோம்.

என் கேள்வி தொழில்நுட்பம் பற்றியது அன்று. நவம்பர் இறுதியில் ஏரி 22 அடியில் நிற்கிறது. அடுத்த மூன்று நாளில் பெருமழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். முன்கூட்டியே திறந்துவிட்டபின் மழை பொய்த்தால், கோடையில் நகரமே குடத்தோடு அலையும். காத்திருந்து மழை கொட்டினால், கரையோரக் குடும்பங்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு பக்கமும் மக்கள்தான் என்னும்போது, ஓர் அரசு நிறுவனம் எதை வைத்து முடிவெடுப்பது நியாயம்? பெரும்பான்மையின் தேவை என்ற ஒற்றை அளவுகோல் போதுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

நீர்வளப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலிருந்து இரண்டு அடி நீரை வெளியேற்றுவது என்றால், இந்த ஏரியின் பரப்பை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ அரை டி.எம்.சி. தண்ணீர், அதாவது 1,400 கோடி லிட்டர், கடலுக்குப் போகிறது என்று பொருள். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. அந்த இரண்டு அடியை ஈடுகட்ட அப்படி 5,600 நடைக்கு மேல் வர வேண்டும். மதகடியில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியும். கீழே அடையாற்றங்கரையில் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் இருப்பதும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறப்பதில்லை. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் நீரோடு செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் சேர்கிறது. மேலேயுள்ள பல ஏரிகளின் வழிந்தோடும் நீரை அடக்குவதற்கு மதகே கிடையாது. ஆகவே செம்பரம்பாக்கத்தில் எடுக்கும் முடிவு, ஆற்றில் ஏற்கெனவே ஓடும் வெள்ளத்தின்மேல் எடுக்கும் முடிவு.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது 2015 வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. அரசு அதை வரலாறு காணாத மழையின் விளைவு என்றது. என் கருத்தில், அந்த விவாதத்தைவிட முக்கியமானது அதன்பின் நடைமுறையில் வந்த மாற்றம். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 22 அடியை எட்டியதும் முன்னறிவிப்போடு வினாடிக்கு 1,000 கன அடியில் திறப்பைத் தொடங்கி, வரத்துக்கு ஏற்பப் படிப்படியாக உயர்த்தினார்கள். எந்த மட்டத்தில் திறப்பது என்பது மழைக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் அறிய முடிவாகியிருந்தால், நள்ளிரவில் ஒரு பொறியாளரின் தலைமேல் அந்தப் பாரம் விழாது. அறம் சார்ந்த முடிவை அவசர நேரத்துக்கு ஒத்திப்போடுவதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன்.

பெரும்பாக்கத்திலிருந்து:

ஐயா சொன்ன கணக்கு சரியாக இருக்கலாம். 2015இல் நாங்கள் ஆற்றங்கரையில் இருந்தோம். இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படும் என்று அன்று தொலைக்காட்சியில் சொன்னதை என் மாமியாரும் கேட்டார். அது எங்கள் வாசலில் எத்தனை படி ஏறும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. இரவில் தண்ணீர் கட்டிலைத் தொட்டபோதுதான் எங்களுக்கு அந்த எண் புரிந்தது.

பிறகு பாதுகாப்புக்காக என்று சொல்லி எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வீடு உறுதியான வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வேலை செய்த நான்கு வீடுகளும் சைதாப்பேட்டையில் இருந்தன. பேருந்திலேயே நாளில் மூன்று மணி நேரம் போனதால் இரண்டு வீட்டு வேலையை விட்டேன். கல்வியாண்டின் நடுவில் மகளுக்குப் பள்ளி மாறியது. இந்த இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிதான். மழைக்காலத்தில் இங்கும் சாலையில் தண்ணீர் நிற்கிறது. நகரத்தின் குடிநீருக்காக ஏரியை நிரப்பி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் நாங்களே கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் கற்பிப்பவர்:

அம்மா எழுதியதைப் படித்தபின் சட்டத்தை மட்டும் பேசுவது எளிதாக இல்லை. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு நடைபாதையில் தொடர்ந்து தங்கும் உரிமையை வழங்கவில்லை. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவது பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இது. தலைகளை எண்ணிப் பார்ப்பது முடிவெடுக்க உதவலாம். முடிவால் இழந்தவருக்குச் செய்ய வேண்டியதை அது சொல்லாது. நம்மிடம் நிவாரணம் என்ற சொல் இருக்கிறது, இழப்பீடு என்ற சொல்லும் இருக்கிறது. 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம். அது அரசின் கருணையைப் பொறுத்தது. நகரத்தின் நலனுக்காக ஏரியை நிரப்பி வைப்பது என்று ஒரு நிறுவனம் தெரிந்தே முடிவெடுத்து, அதனால் கரையோரத்தில் வீடு மூழ்கினால், அங்கே கொடுக்க வேண்டியது இழப்பீடு. அதைக் கேட்பது உரிமை. குடிநீர் பெறும் நகரம் முழுவதும் அந்தச் செலவைப் பகிர வேண்டும். அப்படி ஒரு பொறுப்பு முன்கூட்டியே எழுத்தில் இருந்தால், மதகைப் பற்றிய முடிவே இன்னும் கவனமாக எடுக்கப்படும் என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அம்மா கேட்ட படிக்கணக்கு நியாயமானது. ஆற்றில் எவ்வளவு ஓடினால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிடும் வழிகள் உள்ளன. அதைக் கரையோரச் சுவர்களில் வண்ணக் கோடாக வரையப் பெரிய செலவு ஆகாது. பணியில் இருந்தபோது இதை நான் வலியுறுத்தியதில்லை, வலியுறுத்தியிருக்க வேண்டும்.

சைதைவாசி:

எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அந்த வண்ணக் கோடு வரைவதையும், இழப்பீட்டை எழுத்தில் வைப்பதையும் இரண்டு தனித் தீர்மானங்களாக முன்வைக்கப் போகிறேன். பெரும்பாக்கத்து அம்மா, உங்கள் பழைய தெருவில் 2015இல் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று நினைவிருந்தால் இங்கே எழுதுங்கள். முதல் கோட்டை அங்கிருந்தே வரையச் சொல்லலாம்.