கண் டாக்டருக்கு ஆகமம் எதுக்கு?

மஞ்சக்குப்பத்தான்: "சைவ ஆகமம் இன்னிக்கு அச்சுல கிடைக்குதுன்னா அது ழான் பிலியோசா போட்ட பிச்சை"ன்னு நேத்து இங்க ஒரு பாண்டி மேதாவி எழுதியிருந்தார். பிச்சையாம்! பிலியோசா பிரெஞ்சுக்காரர், தொழிலால கண் டாக்டர். கோயில் பூசை முறை சொல்ற ஆகமத்துல கண் டாக்டருக்கு என்ன வேலை?

செயின்ட் லூயி வீதி: எழுதினது நான்தான். 'கொடை'ன்னுதான் எழுதினேன். 1955ல பாண்டிச்சேரியில பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, சுவடி தேட ஊர் ஊரா ஆள் அனுப்பினவர் அவர். வைத்தியம் பார்த்துக்கிட்டே சமஸ்கிருதம், பாலி, திபெத்தி, தமிழ்னு படிச்சவர்.

மஞ்சக்குப்பத்தான்: கண் டாக்டரா இல்லையா? அதைச் சொல்லுங்க.

செயின்ட் லூயி வீதி: 1947 வரைக்கும். 1952லேந்து பாரிஸ்ல கொலேஜ் த பிரான்ஸ்ங்கிற உயர்கல்வி நிறுவனத்துல பேராசிரியர்.

மஞ்சக்குப்பத்தான்: ஆங், ஒத்துக்கிட்டார்! எல்லாரும் பார்த்துக்குங்க. ரௌரவாகமம்ங்கிற சைவ ஆகமத்தைப் பதிப்பிச்சது அந்த நிறுவனத்துப் பண்டிதர் என்.ஆர். பட். கிரந்த எழுத்துல இருந்த ஓலை ஏட்டை எழுத்துக் கூட்டி, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, பாடபேதம் குறிச்சது நம்ம பண்டிதர்கள். முதுகு ஒடிஞ்சது இவங்களுக்கு, மாலை கண் டாக்டருக்கு.

வில்லியனூர் வாத்தி: என்.ஆர். பட்டுக்குச் சம்பளம் கொடுத்தது யாரு சார்? எங்க வீட்டு ஏட்டையெல்லாம் தாத்தா ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விட்டுட்டார். அன்னிக்கு ஒரு கண் டாக்டர் வந்திருக்கலாம்.

மஞ்சக்குப்பத்தான்: அது உங்க தாத்தாவோட லட்சணம்.

வில்லியனூர் வாத்தி: தாத்தாவை இழுக்காதீங்க. போன மாசம் இங்க அரிக்கமேடு பத்தின விவாதத்துல வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்பை இங்க காட்டுறீங்க.

தேவனாம்பட்டினம்: சுவடியெல்லாம் பாரிஸுக்குப் போயிடுச்சாமே?

செயின்ட் லூயி வீதி: எவன் சொன்னான்? அந்த நிறுவனத்துல மட்டும் 8,000க்கும் மேல இருக்கு. பாண்டிச்சேரி சைவச் சுவடிகள்னே 2005ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல ஏத்திச்சு. சரி, பரிபாடலை 1968ல பிரெஞ்சுக்குக் கொண்டுபோன பிரான்சுவா குரோவும் கண் டாக்டரா?

மஞ்சக்குப்பத்தான்: பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டது கண் டாக்டரைப் பத்தி.

செயின்ட் லூயி வீதி: கடலூர்லேந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரம். ஒரு நாளாவது வந்து அந்தச் சுவடியைப் பார்த்திருக்கீங்களா?

மஞ்சக்குப்பத்தான்: எதுக்கு? என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க 'பிச்சை'ன்னு எழுதினதுக்கு ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கேன்.

செயின்ட் லூயி வீதி: போடுங்க பார்ப்போம்.

மஞ்சக்குப்பத்தான்: நாளைக்கு.

வில்லியனூர் வாத்தி: முதல்ல தாத்தா விஷயத்துக்கு மன்னிப்பு கேளுங்க.