காட்சியை வைத்து இடம் கண்டறிதல்: ‘நிலங்காணல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

குழும உறவுகளுக்கு வணக்கம்.

ஒரு காணொளியின் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்த ஊரில், எந்தக் கரையில், எந்த மலையடியில் எடுக்கப்பட்டது என்று கண்டறியும் வேலைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டுமென்று சென்ற கிழமை கேட்டிருந்தேன். திருகோணமலையில் மாலை வேளையில் நான் நடத்தும் சிறிய ஊடகப் பயிற்சி வகுப்புக்காகவே அதைக் கேட்டேன். போர்க்காலப் படங்களைக் கொடுத்து இளையோரின் மனத்தைக் கலக்குவதைவிட, காட்டிலும் தீவிலும் தனித்து உயிர்பிழைப்பதாகக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களை எடுத்து, அவை உண்மையில் எங்கே படமாக்கப்பட்டன என்று தேடச் சொன்னால் முறையும் பிடிபடும், மனமும் நோகாது என்பது என் எண்ணம். ஆனால் வகுப்பில் ஒவ்வொரு வசனத்திலும் ‘ஜியோலொகேசன் செய்தல்’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

உங்களிடமிருந்து வந்த சொற்களில் பலரும் விரும்பியது ‘புவியிடங்காணல்’. அதில் எனக்குள்ள தடை ஒன்றுதான். ‘புவியிடங்காட்டி’ என்ற சொல் ஏற்கெனவே செய்மதியின் துணையுடன் ஆள்கூறுகளைத் தரும் கருவிக்கு நிலைத்துவிட்டது. ‘காட்டி’ இருக்கும் இடத்தில் ‘காணல்’ வந்தால், அந்தக் கருவியைப் பார்த்து இடத்தை அறிவது என்றே படிப்பவர் விளங்கிக்கொள்வார். நாம் பெயர் தேடும் வேலையோ அந்த ஆள்கூறுகள் இல்லாதபோது, அல்லது வேண்டுமென்றே மறைக்கப்பட்டபோது, தொடங்குவது. ‘களங்காணல்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் செய்திகள் ‘களம் காண்கிறார்’ என்பதைத் தேய்த்துவிட்டன, விரைந்து படித்தால் களங்கம் காண்பது போலவும் ஒலிக்கிறது. ‘இடந்தேர்தல்’ படப்பிடிப்புக்கு முன்னர் இடம் தெரிவு செய்வதற்கே பொருந்தும். அது படக்குழு செய்யும் வேலை, நமது வேலைக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து தொடங்குவது.

நான் முன்வைப்பது ‘நிலங்காணல்’. இடம் என்பதைத் தவிர்த்து நிலம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. அகத்திணை இலக்கணத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டும்; மரமும் மாவும் புள்ளும் உணவும் தொழிலும் அதன்பின் வரும் கருப்பொருள்கள். காட்சியொன்றை ஆராய்பவர் செய்வதும் இதையேதான்: கருப்பொருளிலிருந்து தொடங்கி முதற்பொருளை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறார். எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு ‘நிலங்காணல்’ என்றும், எந்த நாளில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு ‘பொழுதுகாணல்’ என்றும் இணையாக வைத்துக்கொண்டால் ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலம் மட்டும் மயங்காது என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்றும் அதே நூல் சலுகை தருகிறது. கவிஞருக்கு அந்தச் சலுகை வேண்டும். நமது வகுப்புக்கு அது ஆகாது. தொலைக்காட்சித் தொடர்களில் பறவைக் குரல் பெரும்பாலும் ஒலித்தொகுப்பு அறையில் சேர்க்கப்படுவது என்பதால், காதில் விழும் குயிலை நம்பி எந்தக் காட்டையும் முடிவு செய்யக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

சொல் வேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 இல் சீ தமிழ் தொலைக்காட்சியில் நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்கிய ‘சர்வைவர்’ தமிழ்ப் பதிப்பு தான்சானியாவின் சான்சிபாரில் எடுக்கப்பட்டது. இதை யாரும் மறைக்கவில்லை. விடை தெரிந்த கணக்கு என்பதாலேயே அது பயிற்சிக்கு உகந்தது. சான்சிபார்க் கரையின் காட்சியொன்றைக் காட்டி ‘இது நிலாவெளி’ (திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நமது கடற்கரை) என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எப்படி மறுப்பீர்கள் என்று கேட்டேன். தென்னை இரண்டு இடத்திலும் உண்டு, வெண்மணலும் உண்டு. பெருக்கமரம் (பாவோபாப்) தெரிந்தால் ஆபிரிக்கா என்று ஒருவர் சொன்னார். மன்னாரிலும் நெடுந்தீவிலும் அதே மரம் நிற்கிறது என்று இன்னொருவர் உடனே மடக்கினார்.

அடுத்து நிழலுக்கு வந்தோம். சான்சிபார் தென் அகலாங்கு (அட்சரேகை) 6 பாகையை ஒட்டியும் திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையை ஒட்டியும் இருப்பதால், நண்பகல் நிழல் அங்கே தெற்கேயும் இங்கே வடக்கேயும் விழும் என்று நானும் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது யூன் மாதம். மறுநாள் ஒரு மாணவி, “சேர், எங்கட நிழலும் தெற்காலதானே விழுது?” என்று கேட்டாள். முற்றத்தில் கம்பு நட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதே சரி. ஏப்பிரல் நடுப்பகுதியில் நமது உச்சிக்கு வரும் சூரியன் அதைக் கடந்து வடக்கே போய், ஓகஸ்ட் இறுதியில்தான் மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் திசையைக் கொண்டு இரண்டு ஊரையும் பிரிக்க முடியாது. பிரிப்பது நீளம். யூன் 21 ஆம் திகதி நண்பகலில் 1 மீற்றர் உயரமான கம்பின் நிழல் திருகோணமலையில் ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர், சான்சிபாரில் ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர். ஆகவே நாள் தெரிந்தால்தான் இந்த நிழலை வைத்து நிலம் காணலாம், நிலம் தெரிந்தால்தான் நாளைக் காணலாம். முதற்பொருள் இரண்டையும் முன்னோர் சேர்த்தே வைத்தது எனக்கு அன்று இன்னும் கொஞ்சம் விளங்கியது.

உண்மையில் அந்தக் காட்சியைத் தீர்த்துவைத்தது கடல்தான். நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. சான்சிபாரில் வற்றும் பெருக்கும் மிகுந்த நாட்களில் அது ஏறத்தாழ 4 மீற்றர் வரை போகும். காலையில் தோணி மிதந்த இடத்தில் பிற்பகலில் மனிதர் நடந்து திரிவார்கள். நிலாவெளியில் அப்படி ஒரு காட்சியை யாரும் எடுக்க முடியாது. (தமிழ்நாட்டு நண்பர்கள் வற்றுப்பெருக்கை ‘ஓதம்’ என்று எழுதுவீர்கள், அகலாங்கை ‘அட்சரேகை’ என்பீர்கள். அந்தப் பழைய வழக்கை இந்த இழையில் கிளற வேண்டாம்.)

இரண்டாவது சொல்லும் தேவைப்படுகிறது. ஓர் இடத்தை வேறோர் இடமாகக் காட்டுவதற்கு என்ன பெயர்? ‘வேடநிலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மூதூர்ப் பக்கம் வேடர் வழிவந்த மக்கள் வாழும் மாவட்டத்திலிருந்து எழுதும் எனக்கு அது வேறு பொருள் தருகிறது. ‘பாவனைநிலம்’ இலங்கையில் பயன்பாட்டிலுள்ள நிலம் என்றே படிக்கப்படும். இங்கே பாவனையாளர் என்றால் பயனர். ஆள்மாறாட்டத்தை ஒட்டி ‘நிலமாறாட்டம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அச்சொல்லில் குற்றச்சாட்டு இருப்பதால் அளந்து பயன்படுத்த வேண்டும். தாய்லாந்தின் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய 1957 ஆம் ஆண்டுத் திரைப்படம் நமது களனி ஆற்றங்கரையில், கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. கதைப்படத்தில் அது வழக்கம், அதற்குப் ‘பதில்நிலம்’ என்ற நடுநிலைச் சொல் போதும். உண்மை என்று சொல்லி விற்கப்படும் நிகழ்ச்சி அதையே செய்தால்தான் நிலமாறாட்டம்.

இங்கே ஒரு நுணுக்கம் தவறிவிடக் கூடாது. 2007 இல் பியர் கிரில்ஸ் காட்டில் தனித்து உயிர்பிழைப்பதாகக் காட்டும் தொடரைப் பற்றி எழுந்த சர்ச்சையில் பெரிதாகப் பேசப்பட்டது நிலமாறாட்டம் அன்று. கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் காட்டில் கிடந்து உழல்வதாகக் காட்டிய பகுதியின்போது அவர் சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்பது அப்போது வெளிவந்த செய்திகளில் ஒன்று. மலை சியரா நெவாடாவேதான். காட்டாமல் விடப்பட்டது சட்டகத்துக்கு வெளியே இருந்த விடுதியும் படக்குழுவும். அதன்பின் டிஸ்கவரி தொலைக்காட்சி பழைய பகுதிகளை மீளத் தொகுத்து, காட்சிகளில் சில ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற அறிவிப்பையும் சேர்த்தது. இந்த வகைக்குத் ‘தனிமைப்பாசாங்கு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

மறுமொழி (சென்னையிலிருந்து)

ஐயா, வணக்கம். பொழுதுகாணலோடு இணைவது சிறப்பு. எனினும் இங்கே ‘நிலம்’ என்றவுடன் மனை வாங்குவதே நினைவுக்கு வருகிறது. கடலும் தீவும் வரும் காட்சிகளுக்கு ‘நிலம்’ பொருந்துமா என்பதும் ஓர் ஐயம். வினையாகவும் செய்வோர் பெயராகவும் இச்சொல் எப்படி வளையும் என்று காட்டினால் முடிவெடுக்க உதவும்.

மறுமொழிக்கு மறுமொழி

தம்பி, கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் நிலம் என்றுதானே படித்தோம். அதனால் தீவுக்கு இடையூறில்லை. சென்ற சனிக்கிழமை வகுப்புக்கு நானே ஒரு ‘ஆளில்லாத் தீவு’க் காட்சி எடுத்தேன்: நிலாவெளியில் விடுதிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, கடலையும் புறாத்தீவையும் மட்டும் சட்டகத்துக்குள் வைத்து. பிள்ளைகள் புறாத்தீவின் இரண்டு திட்டுகளான பெரிய தீவும் சிறிய தீவும் ஒன்றையொன்று எவ்வளவு மறைக்கின்றன என்று பார்த்து, செய்மதிப் படத்தில் அந்த இரண்டையும் தொட்டு ஒரு கோட்டைக் கரைவரை நீட்டி, நான் நின்ற இடத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார்கள். கரையின் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் பிடிப்பது நமது மீனவரின் பழைய வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

மனை வாங்கும் நினைவு உங்கள் பக்கத்துச் சிக்கல். இங்கே அதற்குக் ‘காணி பார்த்தல்’ என்போம். அதனால் செய்பவரை ‘நிலங்காணி’ என்று மட்டும் அழைக்க முடியாது, நிலமும் காணியும் ஒன்றாகிவிடும், ‘நிலங்காண்பவர்’ போதும். வினை எளிதாகவே வளைகிறது: ‘இக்காட்சிக்கு நிலங்கண்டாயிற்று, பொழுது இன்னும் காணவில்லை’ என்று ஒரு மாணவன் தன் பயிற்சிக் கொப்பியில் எழுதியிருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்து எழுதியதன்று. ஒரு மாதம் கழித்தும் அவர்கள் வாயில் இந்தச் சொல் நிற்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்; அதுவரை சொற்பட்டியலில் ‘பரிந்துரை’ என்ற குறிப்போடு மட்டும் சேர்த்துவிடுங்கள்.