பிள்ளைகளுக்குச் செய்தியைச் சரிபார்க்கச் சொல்லித்தந்தவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

எட்டாம் வகுப்பு ஆசிரியை:
வெள்ளம் புகுந்த சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துகிற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், அதைத்தான் வகுப்பில் காட்டினேன். உண்மையா பொய்யா என்று கேட்டதும் எல்லாரும் படத்தையே உற்றுப் பார்க்கிறார்கள், நிழல் சரியா, தண்ணீர் நிறம் சரியா என்று ஒரே வாக்குவாதம். உற்றுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் விடை படத்துக்குள் இல்லையே! படத்தை வைத்தே இணையத்தில் தேடச் சொன்னேன். 2005இல் ஒரு இதழில் வந்த, கடலில் சிறு படகைப் பின்தொடரும் சுறாவின் படம் கிடைத்தது. அந்தச் சுறாவை வெட்டி ஒட்டித்தான் அமெரிக்கப் பக்கம் வீசிய புயல்களான 2011இன் ஐரீன் புயலின்போதும் 2017இன் ஹார்வி புயலின்போதும் பரப்பியிருக்கிறார்கள். "அப்போ அடுத்த புயலுக்கும் இது வருமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கேள்வி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 'விளம்பரதாரர் உள்ளடக்கம்' என்று எழுதியே இருந்த, செய்தி போலத் தோன்றும் ஒரு விளம்பரத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் செய்தி என்றே நம்பினார்கள். அந்தச் சொற்களைப் படிக்கத் தெரியாமல் இல்லை, யார் காசு கொடுத்து இதை எழுத வைத்தார்கள் என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை. அதே குழுவினர் பிறகு பார்த்ததில், தொழில்முறையில் செய்தி சரிபார்ப்பவர்கள் தெரியாத ஒரு தளத்துக்குள் போனதும் அங்கேயே நின்று படிப்பதில்லை, உடனே உலாவியில் வேறு தாவல்களை (டேப்) திறந்து இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நான் இப்போது முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்:
மிஸ் சொன்ன முறை அருமை. பெரிய வகுப்பில் எனக்கு வேறு தலைவலி, எதைக் கொடுத்தாலும் "எல்லாமே பொய்தான் சார்" என்கிறார்கள். பொய்களை மட்டுமே காட்டிப் பயிற்சி கொடுத்தால் இப்படித்தான் ஆகும், எதையும் நம்பாதவனை ஏமாற்றுவதும் சுலபம்தான், யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது அல்லவா. அதனால் பாதிக்குப் பாதி உண்மைச் செய்திகளையும் கலந்து கொடுக்கிறேன், அதிலும் நம்பவே முடியாதபடி இருக்கும் உண்மைகளாகத் தேடி எடுக்கிறேன்.

அப்புறம், செய்தித்தாள் வெளியிடும் திருத்தங்களை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். "பாருங்க சார், தப்பாப் போட்டிருக்காங்க" என்று ஒரு பையன் துள்ளினான். போட்ட தப்பைப் பெயர் சொல்லித் திருத்துகிற பத்திரிகையையும், சத்தமில்லாமல் பதிவை அழித்துவிட்டுப் போகிற பக்கத்தையும் அருகருகே வைத்து, எதை எவ்வளவு நம்பலாம், ஏன் என்று எழுதச் சொன்னேன். மதிப்பெண் அந்த 'ஏன்'-க்குத்தான்.